மைலை அல்ல, உயரத்தைப் பாருங்கள்: கோடையில் அமெரிக்க மேற்கைக் காரில் சுற்ற

நண்பர்கள் சேர்ந்து லாஸ் வேகாஸிலிருந்து பூங்காக்களைச் சுற்றக் கிளம்பும்போது முதலில் மைல்களைத்தான் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் ஓட்டலாம், அதனால் இந்த ஊரில் தங்கலாம் என்று. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தக் கணக்கு போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போதாது. ஒவ்வொரு இடமும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறோம் என்ற இரண்டும்தான் கோடைப் பயணத்தைத் தீர்மானிக்கின்றன.

லாஸ் வேகாஸ் சுமார் 2,000 அடி. ஜூலையில் பகல் வெயில் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 செல்சியஸை எளிதாகத் தாண்டும். யூட்டா மாநிலத்தின் ஸையன் தேசியப் பூங்காவில் பள்ளத்தாக்கின் தரை 4,000 அடி, அதே மாநிலத்தின் மோவாப் ஊரும் ஏறக்குறைய அதே உயரம், அரிசோனாவின் பேஜ் ஊர் 4,300. இந்த மூன்றிலும் நூறு டிகிரி சாதாரணம். கேப்பிட்டல் ரீஃப் பூங்காவுக்குள் இருக்கும் ஃப்ரூட்டா 5,500 அடி. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பு 7,000 அடி. பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 முதல் 9,000 அடிக்கு மேல். ஆயிரம் அடி ஏறினால் மூன்று முதல் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். அதனால்தான் ஸையனில் உருகிய அதே நாள் மாலை பிரைஸில் ஸ்வெட்டர் தேடவேண்டியிருக்கிறது. விதி எளிது: தாழ்வான இடங்களில் நடை காலை பத்து மணிக்குள் முடியவேண்டும், நடுப்பகலில் வண்டி ஓட்டவேண்டும் அல்லது உயரமான இடத்தில் இருக்கவேண்டும்.

சுற்று இப்படிப் போகும்: லாஸ் வேகாஸ், ஸையன் (165 மைல்), பிரைஸ் (85), நெடுஞ்சாலை 12 வழியாக, கேப்பிட்டல் ரீஃபை ஒட்டிய டோரி (115), மோவாப் (150), மான்யுமெண்ட் வேலி (150), பேஜ் (125), கிராண்ட் கேன்யன் (135), மீண்டும் வேகாஸ் (280). பூங்காக்களுக்குள் ஓட்டுவதைச் சேர்க்காமல் ஏறக்குறைய 1,200 மைல். எட்டு இரவுகள் இருந்தால் நிதானமாக முடியும். ஆறு இரவுகள்தான் என்றால் டோரி, மோவாப், மான்யுமெண்ட் வேலி மூன்றையும் விட்டுவிட்டு பிரைஸிலிருந்து நேராகப் பேஜுக்கு இறங்குங்கள். எல்லாவற்றையும் ஆறு நாளில் திணித்தால் ஒவ்வொரு பூங்காவையும் வெயில் உச்சத்தில், வண்டி நிறுத்த இடமில்லாத நேரத்தில்தான் பார்ப்பீர்கள். டெத் வேலியைக் கோடைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். உலகிலேயே அதிக வெப்பம் என்று பதிவான 134 டிகிரி அங்குள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று அளக்கப்பட்டது.

வேகாஸ் இரவுகளை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொண்டால் அறை வாடகை கணிசமாகக் குறையும். ஸ்ட்ரிப் என்னும் முக்கியச் சாலையின் ஓட்டல்களில் வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணமும், பலவற்றில் பார்க்கிங் கட்டணமும் உண்டு; மொத்தத் தொகையைப் பார்த்தே ஒப்பிடுங்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வருபவர்கள் வெள்ளி மாலை ஐ-15 நெடுஞ்சாலையில் வருவதையும் ஞாயிறு மதியம் திரும்புவதையும் தவிர்த்தால் பாதி அலுப்பு குறையும்.

அடுத்தது வண்டி. நான்கு பேருக்கு நடுத்தர எஸ்யூவி போதும். ஐந்தாறு பேர் என்றால் ஏழு இருக்கை எஸ்யூவி எடுப்பதுதான் வழக்கமான தவறு: மூன்றாவது வரிசையை நிமிர்த்தியதும் பின்னால் பெட்டி வைக்க இடமே இருக்காது. மினிவேன்தான் சரி. ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். பெயரில்லாத நண்பர் ஓட்டும்போது விபத்து நடந்தால் வாடகைக் காப்பீடும் கைகொடுக்காது, கிரெடிட் கார்டு தரும் காப்பீடும் கைகொடுக்காது. கார்டு காப்பீட்டை நம்புபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். அது வாடகை வண்டியின் சேதத்துக்கு மட்டும்தான். அடுத்தவர் வண்டிக்கோ ஆளுக்கோ ஏற்படும் சேதத்துக்குத் தனிப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்களிடம் அது பெரும்பாலும் இருக்காது, வாடகை எடுக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை வாங்கியதும் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். இப்போதைய பல வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, காற்றடிக்கும் சிறு கருவியும் பசையும் மட்டும் இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. ஸ்டெப்னி இருக்கும் வண்டியைக் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது. டயர் காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், பார்க்கவேண்டும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும்; ஓடிச் சூடான டயரில் எண் அதிகமாகத் தெரிகிறது என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தளர்ந்து நிற்கும். தளர்ந்த டயர் வெயிலில் வேகமாக ஓடும்போதுதான் வெடிக்கிறது.

யூட்டாவில் பெட்ரோல் போடும்போது பம்பைக் கவனியுங்கள். அங்கே பல பங்க்குகளில் மலிவான 'ரெகுலர்' என்பது 85 ஆக்டேன். பெரும்பாலான கார்களின் கையேடு குறைந்தது 87 கேட்கிறது. எனவே நடு பொத்தானை அழுத்துங்கள். பாதி டேங்க் வந்ததும் நிரப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐ-70இல் சலைனாவுக்கும் க்ரீன் ரிவருக்கும் இடையே நூறு மைலுக்கும் மேல் பங்க்கும் கிடையாது, கடையும் கிடையாது. சிறு ஊர்களில் உணவகங்கள் ஒன்பது மணிக்குள் மூடிவிடும், ஞாயிறன்று பல திறப்பதே இல்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் நெருக்கடி. வேகாஸிலேயே அரிசி, தயிர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், ரொட்டி வாங்கி ஒரு நல்ல ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும். ஐஸ் கட்டி வாங்கிக் கொட்டுவதைவிடத் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்குவது மேல்: உருகினால் குடிக்கலாம், சாப்பாடும் நனையாது. தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நான்கு லிட்டர். அதற்கு மேல் வண்டியில் இரண்டு கேலன் தொடாமல் இருக்கட்டும். அடுப்பு கொண்டுபோனால் திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு மட்டும். கோடையில் காட்டுத்தீ கட்டுப்பாடு வந்தால் விறகுக்கும் கரிக்கும் தடை விழும்.

நுழைவுச் சீட்டு விஷயத்தில் 2026 ஜனவரி 1 முதல் விதி மாறியிருக்கிறது, பழைய வலைப்பதிவுகளை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' ஆண்டுச் சீட்டு 80 டாலர்தான். ஆனால் வசிப்பதைக் காட்ட அமெரிக்க அரசு தந்த புகைப்பட அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அதே சீட்டு 250 டாலர். சீட்டு வாங்காமல் வரும் வெளிநாட்டவர், பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 11 பெரிய பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும். இந்தச் சுற்றில் ஸையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊரிலிருந்து நான்கு நண்பர்கள் வந்தால் 250 டாலர் சீட்டு ஒன்று எடுப்பதே லாபம், ஏனென்றால் வாசலில் ஒரு வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் அது செல்லும். சீட்டுக்கு உரியவர் வண்டியில் இருக்கவேண்டும், அடையாள அட்டையும் கையில் இருக்கவேண்டும். பல பூங்கா வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை. மான்யுமெண்ட் வேலி, பேஜ் அருகே குறுகிய பாறைச் சந்தான ஆண்டிலோப் கேன்யன், ஆற்று வளைவைப் பார்க்கும் ஹார்ஸ்ஷூ பெண்ட்டின் பார்க்கிங், டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்கா ஆகியவற்றில் இந்தச் சீட்டு செல்லாது.

இனி ஸையன். கோடையில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. இலவசப் பேருந்தில்தான் போகவேண்டும். பார்வையாளர் மையத்தின் வண்டி நிறுத்தம் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேலில் தங்குங்கள், அங்கிருந்தே ஊர்ப் பேருந்தில் வாசல் வரை வந்துவிடலாம். விடியலில் முதல் பேருந்தைப் பிடிப்பவருக்குக் கிடைக்கும் பள்ளத்தாக்கே வேறு.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரல் 1 முதல் குலுக்கல் அனுமதி வேண்டும். பருவக் குலுக்கல் ஒன்று, முந்தைய நாள் குலுக்கல் ஒன்று. விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். ஒரே விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேர்க்கலாம். கிடைக்கவில்லை என்றால் ஸ்கௌட் லுக்அவுட் வரை அனுமதியின்றிப் போகலாம். சங்கிலி பிடித்து ஏறும் கடைசி அரை மைலுக்குத்தான் அனுமதி. உயரம் கண்டால் தலைசுற்றும் நண்பரை 'வா, பார்த்துக்கலாம்' என்று இழுத்துப் போகாதீர்கள். அந்தப் பாறை முதுகில் பாதி வழியில் திரும்புவது ஏறுவதைவிடக் கடினம், எதிரே ஏறி வருபவர்களுக்கும் ஆபத்து.

கோடைக்கென்றே அமைந்தது த நேரோஸ் என்னும் குறுகிய ஆற்றுச் சந்து. கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கி ஒரு மைல் நடைபாதை முடிந்ததும் வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்கவேண்டும். கீழிருந்து ஏறிப்போக அனுமதி வேண்டாம், பிக் ஸ்பிரிங் வரை போகலாம். அங்கே போய்த் திரும்ப ஏறக்குறைய பத்து மைல்; தண்ணீரில் மணிக்கு ஒரு மைல்தான் நகரும் என்று கணக்கிட்டுத் திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். விரல் மூடாத செருப்பு போடாதீர்கள். பௌலிங் பந்து அளவுக் கற்களுக்கு நடுவே கால் சிக்கி விரல்தான் முதலில் உடையும். ஸ்பிரிங்டேலில் ஷூ, நியோப்ரீன் காலுறை, தடி மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்றிலும் தடிதான் முக்கியம். ஆற்று நீரில் நச்சுப் பாசி இருப்பதால் முகம் முழுகக் குளிப்பதும் குடிப்பதும் கூடாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மதிய இடிமழைக் காலம். தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும், பல மைல் தொலைவில் பெய்த மழை பாறைச் சந்துக்குள் சுவர்போல வந்து இறங்கும். மண் உறிஞ்சாத வெறும் பாறை நிலம், அதனால் பெய்த மழையெல்லாம் அப்படியே ஓடைக்கு வருகிறது. 2015 செப்டம்பரில் ஸையனின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இப்படித்தான் இறந்தார்கள். 1997 ஆகஸ்டில் பேஜ் அருகே லோயர் ஆண்டிலோப் கேன்யனில் பதினொரு பேர். பூங்கா தினமும் வெள்ள வாய்ப்பை அறிவிக்கிறது. 'எதிர்பார்க்கப்படவில்லை' (Not Expected) என்பதைத் தவிர வேறு எது இருந்தாலும் காலையிலேயே போய் மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், குச்சியும் இலையும் மிதந்து வந்தால், இரைச்சல் கேட்டால், வந்த வழியே ஓடுவதைவிட உடனே பக்கத்து மேட்டில் ஏறி நிற்பதே சரி.

பிரைஸில் குவீன்ஸ் கார்டன், நவஹோ லூப் என்னும் இரண்டு நடைபாதைகளும் சேர்ந்த மூன்று மைல் சுற்று போதும். சன்ரைஸ் பாயிண்ட்டில் இறங்கி சன்செட் பாயிண்ட்டில் ஏறுங்கள். விளிம்பு இங்கே ஏறக்குறைய எட்டாயிரம் அடி உயரம், ஏறும்போது மூச்சு வாங்கும். முதல் நாளே வேகம் காட்டவேண்டாம். இரவில் நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால் அதிர்ஷ்டம்.

இந்தச் சுற்றின் உயிர் என்று சொன்னால் நெடுஞ்சாலை 12தான். எஸ்கலான்டேவுக்கும் போல்டருக்கும் இடையே ஹாக்பேக் என்னும் பகுதியில் சாலைக்கு இரண்டு பக்கமும் நிலம் சரிந்து போகும். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. பிறகு 9,600 அடி வரை ஏறிப் போல்டர் மலையின் ஆஸ்பென் காட்டுக்குள் போகும். 115 மைலுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், இருட்டும் முன் முடியுங்கள். வேலியில்லா மேய்ச்சல் நிலம் என்பதால் கறுப்பு மாடுகள் சாலையிலேயே நிற்கும், மான்களும் உண்டு. ஜிபிஎஸ் சொல்வதைக் கண்மூடிக் கேட்காதீர்கள். பிரைஸிலிருந்து பேஜுக்கு நேராகப் போகக் காட்டன்வுட் கேன்யன் சாலையை அது குறுக்குவழியாகக் காட்டும். அது களிமண் சாலை, மழை பெய்தால் நான்கு சக்கரமும் ஓடும் வண்டிகூட மாட்டிக்கொள்ளும். மண் சாலையில் ஓட்டுவதைப் பல வாடகை ஒப்பந்தங்கள் தடுக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் வேலைசெய்யும்படி முன்பே இறக்கிவையுங்கள். இந்தப் பகுதியில் சிக்னல் மணிக்கணக்கில் வராது.

கேப்பிட்டல் ரீஃபின் ஃப்ரூட்டாவில் மார்மன் மதப்பிரிவுக் குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. ஜூன் இறுதி, ஜூலையில் போனால் செர்ரியும் ஆப்ரிகாட்டும், ஆகஸ்டில் பீச். பறிக்கலாம் என்று பலகை இருக்கும் தோட்டத்தில் அங்கேயே நின்று சாப்பிட்டால் காசில்லை, எடுத்துப்போனால் எடைக்குக் காசு.

மோவாபில் இரண்டு விடியல்கள் வேண்டும். ஒன்று கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவின் மேசா ஆர்ச் என்னும் பாறை வளைவுக்கு, ஒன்று ஆர்ச்சஸ் பூங்காவுக்கு. ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் போய்த் திரும்ப மூன்று மைல்தான், ஆனால் நிழலே இல்லாத பாறைச் சரிவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நடுப்பகலில் இங்கே நடப்பவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். ஆர்ச்சஸ் 2022இலிருந்து சில கோடைகளில் நேரம் குறித்த முன்பதிவு கேட்டது. நீங்கள் போகும் ஆண்டின் விதியைத் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பாதையை விட்டு இறங்கிக் கறுத்துப் புடைத்த மண்ணை மிதிக்காதீர்கள். அது உயிருள்ள மண் படலம், ஒரு காலடி பட்டால் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

மோவாபிலிருந்து தெற்கே போகும்போது குழப்புவது கடிகாரம். யூட்டா நேரம் வேகாஸ் இருக்கும் நெவாடாவைவிட ஒரு மணி கூடுதல். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, எனவே பேஜும் கிராண்ட் கேன்யனும் வேகாஸ் நேரத்திலேயே ஓடுகின்றன. ஆனால் நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலமான நவஹோ நேஷன் மாற்றுகிறது. அரிசோனா பக்கம் விரிந்திருக்கும் மான்யுமெண்ட் வேலியில் யூட்டா நேரம்தான். பேஜ் அருகே கைபேசி கோபுரத்துக்குக் கோபுரம் தாவி நேரத்தை மாற்றிக் காட்டும். ஆண்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும் அங்கே வழிகாட்டிகள் பேஜ் நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். கைபேசியின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர நேரத்தை வையுங்கள். நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகமுடியாது. ஒளிக்கற்றை வேண்டுமென்றால் அப்பர் கேன்யன், நண்பகலை ஒட்டிய நேரம், மாதக்கணக்கில் முன்பதிவு. ஏணி ஏற முடிந்தவர்களுக்கு லோயர் கேன்யன். நவஹோ நேஷனுக்குள் மது விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், ஐஸ் பெட்டியில் பீர் இருக்கக்கூடாது. யூட்டாவில் ஓட்டுநருக்கான மது அளவு வரம்பு 0.05 சதவீதம். கஞ்சா நெவாடாவில் கடையில் கிடைத்தாலும் தேசியப் பூங்காக்கள் மத்திய அரசின் நிலம், அங்கே குற்றம். விசாவில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

கிராண்ட் கேன்யனுக்குக் கேமரன் வழியாக வந்தால் கிழக்கு வாசலில் நுழைவீர்கள். மேரி கோல்டர் வடிவமைத்து 1932இல் எழுந்த டெசர்ட் வியூ கோபுரம் அங்கேதான் இருக்கிறது. தென் வாசல் வரிசையிலிருந்தும் தப்பிக்கலாம். 2025 கோடையில் டிராகன் பிராவோ காட்டுத்தீ வட விளிம்பின் விடுதியை எரித்துவிட்டது. திட்டத்தைத் தென் விளிம்பில் வையுங்கள். பூங்காவுக்குள் அறை கிடைக்காவிட்டால் டுசாயன், அதுவும் இல்லையென்றால் 60 மைல் தள்ளி வில்லியம்ஸ்.

பள்ளத்தாக்கில் உயரக் கணக்கு தலைகீழ். இறங்க இறங்க வெயில் ஏறும்: விளிம்பில் 85 டிகிரி என்றால் ஆற்றங்கரையில் 105க்கு மேல். இறங்கும்போது உடம்பு புத்துணர்ச்சியாக இருப்பதால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்விடுவார்கள். ஏற இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதுவும் உச்சிவெயிலில். கோடையில் ஒரே நாளில் ஆற்றங்கரை வரை போய்த் திரும்ப முயலாதீர்கள். சவுத் கைபாப் பாதையில் சீடார் ரிட்ஜ் வரை ஒன்றரை மைல் இறங்கித் திரும்புவது அருமையான காலை. ஆறு மணிக்குத் தொடங்குங்கள். அந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பத்து மணி முதல் நான்கு மணி வரை பாதையில் இருக்கவேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து குமட்டல், தலைவலி, குழப்பம் வரும்; வெயில் மயக்கம்போலவே தெரியும். கடலை, சிப்ஸ், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாய்க்குள் போகட்டும். சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்வதும் நன்றாக உதவும். இடி கேட்டால் விளிம்புக் கம்பியை விட்டு விலகிப் பேருந்திலோ கட்டடத்திலோ ஏறிவிடுங்கள்.

கடைசி நாள் 280 மைல் இறக்கம், ஏழாயிரம் அடியிலிருந்து இரண்டாயிரத்துக்கு. பிற்பகலில் கிளம்பினால் மேற்கு வெயில் கண்ணில் குத்தும், வேகாஸ் அப்போது அனலாக இருக்கும். காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். கிங்மனில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு ஹூவர் அணையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். அன்றே விமானம் என்றால், வேகாஸ் விமான நிலையத்தின் வாடகைக் கார் மையம் முனையங்களோடு ஒட்டியில்லை, சில மைல் தள்ளியிருக்கிறது. வண்டியை ஒப்படைத்துப் பேருந்து பிடித்து முனையம் சேர முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.